பிக்கப் எவ்வளவு இழுக்கும்? இணையத்து நம்பரும் எடை மேடை நம்பரும்

தாம்பரத்துல இருந்து பேசுறேன்.

கேரவன்னு சொன்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிற பெரிய வேன். இன்னைக்கு அதைப் பத்தி இல்ல. இன்ஜினே இல்லாம, பிக்கப் வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற கேம்பிங் ட்ரெய்லரைப் பத்திப் பேசலாம். நம்ம ரோட்ல இது இன்னும் அபூர்வம்தான். ஆனா யூடியூப்ல ஆஸ்திரேலியாக்காரங்க வீட்டையே இழுத்துட்டுப் பாலைவனத்துல சுத்துறதைப் பார்த்துட்டு, "நாமளும் ஒண்ணு பண்ணா என்ன?"ன்னு கேட்கிற ஆட்கள் அதிகமாகிட்டே இருக்காங்க.

சேலையூர்ல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவரும் அவரோட மச்சானும் சேர்ந்து பழைய பிக்கப் ஒண்ணு வாங்கப் போறாங்க. கட்டில், சின்ன கிச்சன், டாய்லெட் எல்லாம் வச்சு ஒரு ட்ரெய்லர் கட்டச் சொல்லியிருக்காங்க. "காலியா 1900 கிலோ வரும்"னு பட்டறைக்காரர் சொன்னாராம். முதல் ட்ரிப் ஏலகிரி. அவர் கேள்வி இதுதான்: "ப்ரோ, இந்த மாடல் 3500 கிலோ இழுக்கும்னு நெட்ல போட்டிருக்கு. நம்ம ட்ரெய்லர் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான். தாராளமா இழுக்கும்ல?"

சின்ன பதில்: இழுக்கும். ஆனா இழுக்கறது பிரச்சினையே இல்ல. நிறுத்தறதும், நேரா ஓட்டறதும்தான் பிரச்சினை. அந்த 3500 எங்க இருந்து வந்துச்சு, உங்க வண்டிக்கு உண்மையான நம்பரை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு படிப்படியா பார்ப்போம்.

3500 யாரோட நம்பர்?

இசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் ரெண்டுமே இப்ப இந்தியாவுல ஓடுது. இசுசு தொழிற்சாலை நமக்குப் பக்கத்துலதான், ஆந்திர எல்லையைத் தாண்டினதும் ஸ்ரீசிட்டியில, 2016-ல இருந்து இயங்குது. ஹைலக்ஸ் 2022-ல இங்க வந்துச்சு. இதே பெயருள்ள ஃபோர் பை ஃபோர் வண்டிகளுக்கு ஆஸ்திரேலியாவுல கம்பெனி கொடுக்கிற இழுவை வரம்பு 3500 கிலோ. நெட்ல நீங்க பார்க்கறது பெரும்பாலும் அதுதான்.

அந்த நம்பருக்குப் பக்கத்துல இன்னொரு நம்பரும் இருக்கும், அதை யாரும் ஷேர் பண்றதில்ல: 750 கிலோ. ட்ரெய்லருக்குச் சொந்தமா பிரேக் இருந்தா 3500, இல்லன்னா 750. அவ்வளவு வித்தியாசம். நம்ம ஊர்ல கட்டற ட்ரெய்லர்ல பிரேக்கே இல்லாம இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அப்ப 3500-ங்கற நம்பர் உங்களுக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

இன்னொண்ணு. பெயர் ஒண்ணா இருக்கலாம். ஆனா ஸ்பிரிங், ஆக்ஸில், கியர், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவுல வித்த வண்டிக்கு இந்தியாவுல கொடுத்த ஓனர் மேனுவல்தான் கணக்கு. அதுல ட்ரெய்லர் இழுக்கறதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலன்னா, இல்ல "பரிந்துரைக்கவில்லை"ன்னு போட்டிருந்தா, உங்க இழுவை வரம்பு பூஜ்யம்னு எடுத்துக்கங்க. கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க. ஷோரூம்ல ஒருத்தர் "அதெல்லாம் இழுக்கும் சார்"னு சொல்றது பதில் ஆகாது.

அமெரிக்காக்காரங்க எப்படி அளக்கறாங்க?

ஒரு காலத்துல அமெரிக்காவுல ஒவ்வொரு கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்கு ஒரு இழுவை நம்பர் போட்டாங்க. அதை ஒழுங்குபடுத்த எஸ்ஏஇ அமைப்பு ஜே2807-ன்னு ஒரு தரநிலை கொண்டு வந்துச்சு. 2011 மாடல்கள்ல டொயோட்டா முதல்ல அதை ஏத்துக்கிச்சு. அதுல ஒரு சோதனை, அரிசோனாவுல டேவிஸ் டேம் ஏற்றம். சுமார் 18 கி.மீ. தொடர்ந்து ஏறணும், ஏசி ஃபுல்லா ஓடணும், வேகம் மணிக்கு 64 கி.மீ.க்குக் கீழ போகக்கூடாது. அங்க அடிக்கிற வெயில் நம்ம கத்திரி வெயிலுக்குக் குறைஞ்சதில்ல.

நல்ல சோதனைதான். ஆனா அதுல வண்டிக்குள்ள எத்தனை பேர்னு தெரியுமா? ரெண்டே பேர். ஆளுக்கு 68 கிலோ. கூட இழுவை உபகரணத்துக்குக் கொஞ்சம் எடை. அவ்வளவுதான். பின் சீட்ல குழந்தைங்க கிடையாது, டெக்ல ஐஸ் பாக்ஸ் கிடையாது, பபிள்டாப் கேன் கிடையாது. நீங்க வண்டிக்குள்ள ஏத்தற ஒவ்வொரு கிலோவும் அந்தப் பெரிய நம்பர்ல இருந்து கழியும்.

ஒரு நம்பர் இல்ல, நாலு நம்பர்

ஆபீஸ்ல சர்வர் எத்தனை யூசரைத் தாங்கும்னு கேட்டா, சிபியூவை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல மாட்டோம். மெமரி, டேட்டாபேஸ், நெட்வொர்க் எல்லாத்தையும் பார்ப்போம். எது முதல்ல மூச்சு வாங்குதோ அதுதான் அந்த சிஸ்டத்தோட கொள்ளளவு. இங்கயும் அதே மினிமம் கணக்குதான். ஒரு மாதிரி வண்டியை வச்சுப் போட்டுப் பார்ப்போம். இது எந்தக் கம்பெனி வண்டியும் இல்ல, கணக்குக்காக எடுத்துக்கிட்ட எண்கள்.

காலி எடை 2000 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2700 கிலோ. இது ரெண்டும் உங்க ஆர்சி-யிலயே இருக்கும். வித்தியாசம் 700 கிலோ, அதாவது வண்டி சுமக்கக்கூடியது. இதுல நாலு பேருக்கு 280 போச்சு. சட்டப்படி காலி எடையில டிரைவர் எடை சேராது, அதனால அவரையும் நீங்கதான் சேர்க்கணும். பை, டென்ட், ஐஸ் பாக்ஸ், ஸ்பேர் சாமான் 150. ட்ரெய்லர் மாட்டற ஹிட்ச் 30. மொத்தம் 460. மிச்சம் 240 கிலோ.

இந்த 240-ஐ ஞாபகம் வச்சுக்கங்க. ட்ரெய்லரோட மூக்கு உங்க வண்டி மேல அழுத்தற எடை இதுக்குள்ளதான் அடங்கணும். ட்ரெய்லர் எடையில குறைஞ்சது 10 சதவீதம் மூக்குல இருக்கணும்ங்கறது அமெரிக்க, ஆஸ்திரேலிய வழக்கம். அப்ப 240 கிலோ மூக்கு எடைன்னா 2400 கிலோ ட்ரெய்லர். முதல் நம்பர் வந்தாச்சு.

ரெண்டாவது, கூட்டு எடை. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு வரம்பு. நம்ம மாதிரி வண்டிக்கு 5000 கிலோன்னு வைங்க. ஆள், சாமானோட வண்டி 2460. மிச்சம் 2540.

மூணாவது, ஹிட்ச். அதுல அடிச்சிருக்கிற தகட்டுல 2000 கிலோன்னு இருந்தா 2000தான்.

நாலாவது, கம்பெனி சொல்ற இழுவை வரம்பு, 3500.

3500, 2540, 2400, 2000. எது சின்னது? ஹிட்ச். அதை மாத்தி 3000 கிலோ ஹிட்ச் போட்டாலும் அடுத்த சுவர் 2400-ல நிக்குது. 3500-ஐ நீங்க எட்டவே மாட்டீங்க. அதுக்கு மேல நான் 20 சதவீதம் கழிப்பேன். நம்ம வெயில், மலைப்பாதை, எடை போடும்போது விட்டுப்போற சாமான் எல்லாத்துக்கும் சேர்த்து. 2000-ல 20 சதவீதம் போனா 1600 கிலோ. 3500-ல ஆரம்பிச்சு பாதிக்கும் கீழ வந்து நிக்கறோம்.

சேலையூர் நண்பரோட ட்ரெய்லர் காலியாவே 1900. தண்ணி 100 லிட்டர் நிரப்பினா 100 கிலோ. இன்வெர்ட்டர் பேட்டரி ஒண்ணு 50 கிலோவைத் தாண்டும். பாத்திரம், கேஸ், மெத்தை, துணி. ரோட்டுக்கு வரும்போது 2200-ஐத் தொடும். ட்ரெய்லர் விக்கறவங்க சொல்றது எப்பவுமே காலி எடை. நீங்க இழுக்கறது நிறைஞ்ச எடை.

மாட்டு வண்டி பாடம்

மூக்கு எடை ஏன் 10 சதவீதம்? குறைச்சு வச்சா வண்டிக்கு லாபம்தானேன்னு தோணும். இதுக்குப் பதில் நம்ம ஊர்ல எப்பவோ இருக்கு. ரெட்டை மாட்டு வண்டியில மூட்டை ஏத்தறவங்க முன்பாரம், பின்பாரம் பார்ப்பாங்க. முன்னாடி ரொம்ப ஏத்தினா நுகத்தடி மாட்டோட கழுத்தை அழுத்தும். பின்னாடி ஏத்தினா நுகத்தடி மேல தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். லேசா முன்பாரமா இருந்தாதான் வண்டி ஒழுங்கா போகும்.

ட்ரெய்லரும் ரெண்டு சக்கர வண்டிதான். பின்பாரமா இருந்தா, ஒரு வேகத்துக்கு மேல பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஆட்டமும் முன்னாடி ஆட்டத்தை விடப் பெருசாகும். கடைசியில இழுக்கிற வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். பொம்மைக் காரை ட்ரெட்மில் மேல ஓட விட்டு, ட்ரெய்லர்ல இருக்கிற எடையை முன்னாடியும் பின்னாடியும் நகர்த்திக் காட்டற வீடியோ ஒண்ணு ரொம்ப பிரபலம். தேடிப் பாருங்க, ஒரு நிமிஷத்துல புரிஞ்சிடும்.

நம்ம ஊர்ல ட்ரெய்லர் கட்டும்போது ஏசி எங்க வைப்போம்? பின் சுவர்ல. ஸ்டெப்னி? பின் கதவுல. சைக்கிள் ஸ்டாண்ட்? அதுக்கும் பின்னாடி. மூணும் பின்பாரம். மொத்த எடை வரம்புக்குள்ள இருந்தாலும் இந்த ட்ரெய்லர் ஆபத்தானது. பட்டறையில ஆர்டர் கொடுக்கும்போதே கனமான சாமான் எல்லாம் சக்கரத்துக்கு மேலயோ, கொஞ்சம் முன்னாடியோ வரணும்னு வரைபடத்துல குறிச்சுக் கொடுத்துடுங்க.

அதுக்காக மூக்குல அள்ளிப் போடவும் கூடாது. ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்ல படிச்ச மொமெண்ட் இங்க வேலைக்கு வருது. பிக்கப்போட முன் பின் ஆக்ஸிலுக்கு நடுவுல சுமார் 3.1 மீட்டர். ஹிட்ச் பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னாடி இருக்குன்னு வைங்க. அங்க 200 கிலோ வச்சா பின் ஆக்ஸில் மேல 200 ஏறாது, 277 ஏறும். முன் ஆக்ஸில்ல இருந்து 77 கிலோ குறையும். முன் சக்கரம்தான் ஸ்டியரிங், பிரேக்கோட பெரும்பகுதியும் அதுதான். அது லேசாகுது. ஹெட்லைட் எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்குதுன்னா, உங்க வண்டி மூக்கைத் தூக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்.

ஓட்டும்போது ஆட்டம் ஆரம்பிச்சா என்ன பண்றது? ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க. ஸ்டியரிங்கை நேரா, உறுதியா பிடிங்க. ஆட்டத்துக்கு எதிரா திருப்பாதீங்க, சடார்னு பிரேக் அடிக்காதீங்க. ட்ரெய்லர் பிரேக்கைத் தனியா போடற கன்ட்ரோலர் இருந்தா அதை மட்டும் லேசா அழுத்துங்க. வேகம் குறைஞ்சா ஆட்டம் அடங்கும். அதுக்கப்புறம் ஓரமா நிறுத்தி சாமானை முன்னாடி நகர்த்திட்டுக் கிளம்புங்க.

ஏலகிரி இறக்கம்

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டுக்கு 20. கொல்லிமலைக்கு 70, அங்க ட்ரெய்லரை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. ஏறும்போது இன்ஜின் திணறும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் விஷயம்.

உயர வித்தியாசம் சுமார் 700 மீட்டர்னு வச்சுக்கலாம். 2460 கிலோ வண்டி மட்டும் இறங்கினா, அந்த உயரத்தோட சக்தி எல்லாம் வெப்பமா மாறியாகணும். அந்த வெப்பத்துல 58 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். 1600 கிலோ ட்ரெய்லர் சேர்ந்தா 95 லிட்டர். 3500 கிலோ ட்ரெய்லர்னா 140 லிட்டர், கல்யாண சமையல் அண்டா நிறைய. இதுல கொஞ்சம் காத்துக்கும் டயருக்கும் போகும். மீதி இன்ஜின் பிரேக்கிங்குக்குப் போகணும், இல்லன்னா பிரேக் டிஸ்க்குக்குப் போகும். டிஸ்க் ரொம்ப சூடானா பெடலை எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காது. அதனாலதான் லாரி டிரைவர்கள் பழைய பாடம் ஒண்ணு சொல்வாங்க: எந்தக் கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு.

ட்ரெய்லருக்குத் தனி பிரேக் ஏன் கட்டாயம்னு இப்ப புரியும். ஓவர்ரன் பிரேக்னு ஒரு வகை இருக்கு. வண்டி மெதுவாகும்போது ட்ரெய்லர் முன்னாடி தள்ளும், அந்தத் தள்ளலே அதோட பிரேக்கை அழுத்தும். எலக்ட்ரிக் பிரேக் இன்னொரு வகை, அதுக்கு டிரைவர் பக்கத்துல கன்ட்ரோலர் வேணும். எது போட்டாலும் சேஃப்டி செயின் ரெண்டு, மூக்குக்கு அடியில குறுக்கா மாட்டியிருக்கணும். ஹிட்ச் கழண்டாலும் மூக்கு ரோட்ல குத்தாம அந்தச் செயின் தாங்கும்.

ஹிட்ச் பத்தி ஒரு சின்ன விஷயம். ஐரோப்பிய, ஆஸ்திரேலிய பால் 50 மில்லிமீட்டர். அமெரிக்க ரெண்டு இன்ச் பால் 50.8 மில்லிமீட்டர். ஆன்லைன்ல ரெண்டும் கிடைக்கும். பாலும் அதைக் கவ்வற கப்ளரும் ஒரே அளவுல இருக்கணும். ஹிட்ச்சை சேஸிஸ்ல போல்ட் போடணும், பம்பர்ல இல்ல. சேத்துல மாட்டின ஜீப்பை இழுக்கற கொக்கி வேற, ட்ரெய்லர் ஹிட்ச் வேற.

டிஎன் 11-ல என்ன கேட்பாங்க?

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். இன்ஜின் இல்லன்னாலும் பதிவு வேணும், தனி நம்பர் வேணும். அது போக, இழுக்கற வண்டியோட நம்பரும் ட்ரெய்லர்ல தெரியணும். லாரி பாடி கட்டறதுல நாமக்கல்லுக்குப் பேர் இருக்கு, கையில திறமை இருக்கு. ஆனா அழகா கட்டின ட்ரெய்லரை ஆர்டிஓ பதிவு பண்ணுவாரான்னு, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க. ஏற்கெனவே ஒப்புதல் வாங்கின ட்ரெய்லர் மாடலா இருந்தா வேலை சுலபம். வண்டிகளைச் சோதிச்சுச் சான்று கொடுக்கிற மத்திய அரசு மையம் ஒண்ணு நம்ம ஒரகடத்துலயே இருக்கு.

அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்துக்கு அப்புறம் அபராதம் 20,000 ரூபாய், அதிகமா இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. ஆனா பெரிய பயம் அது இல்ல. பதிவில்லாத, வரம்பு தாண்டின ட்ரெய்லர் ஒருத்தர் மேல மோதினா, இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கப் போற முதல் கேள்வி இந்த எடைதான். பாலிசியில ட்ரெய்லரையும் சேர்த்திருக்கான்னு எழுத்துல உறுதி பண்ணிக்கங்க.

எடை மேடைக்குப் போங்க

இவ்வளவு கணக்கையும் ஒரே காலையில சரிபார்க்கலாம். வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்ல கன்டெய்னர் லாரி ஓடற பக்கம் போனா 'எடை மேடை' போர்டு கண்ணுல படும். ட்ரிப் போற மாதிரியே ஆள், தண்ணி, சாமான் எல்லாம் ஏத்திட்டுப் போங்க. மூணு தடவை எடை போடச் சொல்லுங்க.

ஒண்ணு, வண்டியும் ட்ரெய்லரும் சேர்த்து. இதுதான் கூட்டு எடை.

ரெண்டு, மாட்டின நிலையிலயே ட்ரெய்லர் சக்கரம் மட்டும் மேடை மேல. கூட்டு எடையில இருந்து இதைக் கழிச்சா, மூக்கு எடையும் சேர்த்து உங்க பிக்கப் சுமக்கறது எவ்வளவுன்னு வரும். அது ஆர்சி-யில இருக்கிற மொத்த எடையைத் தாண்டக்கூடாது.

மூணு, கழட்டி விட்ட ட்ரெய்லர் மட்டும், முன் தாங்கு சக்கரமும் மேடை மேல இருக்கணும். இதுல இருந்து ரெண்டாவது எடையைக் கழிச்சா மூக்கு எடை. ட்ரெய்லர் எடையில 10 சதவீதம் வருதான்னு பாருங்க. லாரிக்கான மேடை 5 கிலோ, 10 கிலோ படியாத்தான் காட்டும். அதனால பக்கத்துல வந்தா போதும்.

ட்ரெய்லர் இன்னும் கட்டாதவங்களுக்கு இது இன்னும் சுலபம். குடும்பத்தோட பிக்கப்பை மட்டும் எடை போடுங்க. ஆர்சி எடையில இருந்து கழிச்சு வர்றதைப் பத்தால பெருக்குங்க. அதை ஹிட்ச் வரம்பு, கூட்டு எடை வரம்பு, மேனுவல் வரம்போட ஒப்பிட்டு, சின்னதுல 20 சதவீதம் கழிச்சு, அந்த நம்பரைப் பட்டறைக்காரர்கிட்ட கொடுங்க. "தண்ணி, சாமான் எல்லாம் சேர்த்து இதுக்குள்ள வரணும், பிரேக்கோட"ன்னு சொல்லுங்க. டாய்லெட்டும் ஏசியும் போயிடும். ரெண்டு கட்டில், ஒரு அடுப்பு, மேல ஒரு கூரை நிக்கும். பிரேக் வேண்டாம், செலவு ஜாஸ்தின்னு அவர் சொன்னா, 750 கிலோவுக்குள்ள ஒரு சின்ன சாமான் ட்ரெய்லரும், அது மேல மடிக்கிற டென்ட்டும் போதும். அதுக்கும் மேனுவல் அனுமதிக்கணும், பதிவும் வேணும்.

எடை மேடைக்குப் போயிட்டு வந்தவங்க சீட்டோட போட்டோவும் வண்டி மாடலும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கறது எப்படின்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதை அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.